பழைய ஜப்பானிய வாள்கள்: சேகரிப்போரும் மதிப்பிட விரும்புவோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எனக்கு ஜப்பானிய வாள்களில் ஆர்வம் உண்டு என்று தெரிந்த நாள் முதல் நண்பர்களும் அவர்களுடைய உறவினர்களும் ஒளிப்படங்களை அனுப்பி ஐயம் கேட்கிறார்கள். அந்தப் படங்களில் பாதிக்கு மேற்பட்டவை பிடியையும் உறையையும் மட்டுமே காட்டுகின்றன. மதிப்பைத் தீர்மானிக்கும் பகுதியோ பிடிக்குள் மறைந்திருக்கிறது. ஒரே பதிலைப் பலமுறை எழுதிச் சலித்ததால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வணிகன் அல்லன். வாங்கி, ஏமாந்து, பிறகு படித்துக் கற்றுக்கொண்டவன்.

கட்டானா என்றாலே ஜப்பானிய வாள்தானே? டாச்சி, வாகிசாஷி என்றெல்லாம் ஏன் பிரிக்கிறார்கள்?

பிரிவுக்கு முதல் அடிப்படை நீளம். ஜப்பானிய அளவான ஒரு ஷாக்கு 30.3 செ.மீ. வாளின் வெட்டும் எஃகுப் பகுதியான அலகின் நீளம் இரண்டு ஷாக்குக்கு மேல் இருந்தால் அது கட்டானா அல்லது டாச்சி. ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் இருந்தால் வாகிசாஷி. ஒரு ஷாக்குக்குக் கீழே இருந்தால் டான்டோ என்னும் குத்துவாள். நுனியிலிருந்து, பிடி தொடங்கும் இடத்தில் அலகின் முதுகில் உள்ள வெட்டுப்பள்ளம் வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். பிடியைச் சேர்த்து அளந்து சொல்லும் நீளத்தை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

கட்டானாவையும் டாச்சியையும் பிரிப்பது அணியும் முறை. குதிரை வீரர்களுக்குரிய டாச்சி, கூர்விளிம்பு கீழ்நோக்க இடையிலிருந்து தொங்கும். கட்டானா, கூர்விளிம்பு மேல்நோக்க இடைக்கச்சையில் செருகப்படும். கொல்லர் தம் பெயரைப் பெரும்பாலும் உடலுக்கு வெளிப்புறமாக அமையும் பக்கத்தில் பொறிப்பதால், கையெழுத்து எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதிலிருந்தே இரண்டையும் பிரித்தறியலாம். நுனி மேலே இருக்குமாறு பிடித்துக் கையெழுத்தைப் பார்க்கும்போது கூர்விளிம்பு உங்கள் இடப்பக்கம் இருந்தால் கட்டானா, வலப்பக்கம் இருந்தால் டாச்சி. விதிவிலக்குகள் உண்டு என்றாலும் தொடக்கத்திற்கு இது போதும்.

எத்தனை வருடம் ஆனால் அதைப் "பழைய வாள்" என்று சொல்வார்கள்?

ஆண்டுக் கணக்கைவிடக் காலப்பிரிவின் பெயரைத்தான் சேகரிப்போர் பயன்படுத்துகிறார்கள். ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டிலிருந்து 1596 வரை செய்யப்பட்ட வளைந்த வாள்கள் கோட்டோ, அதாவது பழைய வாள்கள். அதன்பின் 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை வந்தவை ஷின்டோ. அங்கிருந்து 1876 வரை வந்தவை ஷின்ஷின்டோ. 1876இல் பொது இடங்களில் வாள் அணிவதை மெய்ஜி அரசு தடைசெய்ததால் கொல்லர்களில் பெரும்பாலோர் பிழைப்பை இழந்தனர். அதற்குப் பிறகு மரபுமுறையில் செய்யப்பட்டவை கெண்டைட்டோ. "ஷின்டோ" என்பதற்குப் "புதிய வாள்" என்றே பொருள். நானூறு ஆண்டு வயதான ஒன்றைப் புதியது என்று அழைக்கும் துறை இது.

வாளைப் பார்த்தவுடன் எதைக் கவனிக்க வேண்டும்? எனக்கு எல்லா வாளும் ஒரே மாதிரிதான் தெரிகிறது.

ஜப்பானிய மதிப்பீட்டு முறைக்குக் கன்டெய் என்று பெயர். அதில் ஓர் ஒழுங்கு உண்டு: முதலில் வடிவம், பிறகு எஃகின் மேற்பரப்பு, பிறகு கூர்விளிம்பை ஒட்டிய தோய்ச்சல் வரி, இறுதியில்தான் பிடிக்குள் இருக்கும் அடிப்பகுதியும் கையெழுத்தும். பயிற்சிக் கூட்டங்களில் அடிப்பகுதியைத் துணியால் மூடி வைத்துவிட்டு, மற்றவற்றைப் பார்த்துச் செய்தவர் யார் என்று சீட்டில் எழுதித் தரச் சொல்வார்கள். கையெழுத்தைப் பார்த்துவிட்டால் கண் சோம்பிவிடும் என்பதே காரணம்.

வடிவம் காலத்தைச் சொல்லும். ஹெயான் காலத்தின் இறுதியிலும் காமகுரா காலத்தின் தொடக்கத்திலும் (12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியை ஒட்டி) செய்யப்பட்ட டாச்சிகள் ஒல்லியானவை. வளைவு பிடிக்கு அருகே ஆழமாகவும் நுனிப்பகுதி மிகச் சிறியதாகவும் இருக்கும். 13ஆம் நூற்றாண்டின் நடுவில் அலகு அகன்றது. நுனி குட்டையாகித் தடித்தது. 14ஆம் நூற்றாண்டின் நன்போகுச்சோ காலத்தில் ஆள் உயரத்தை எட்டும் பெருவாள்களும் நீண்ட நுனிகளும் வந்தன. காலாட்படைகள் பெருகிய முரோமாச்சி காலத்தின் இறுதியில் (15, 16ஆம் நூற்றாண்டுகளில்), ஒரு கையால் உருவி வெட்டத் தக்கவாறு வாள் குறுகியது; வளைவு நுனிப் பக்கம் நகர்ந்தது. 1660களை ஒட்டிய கன்புன் காலத்து வாள்களில் வளைவு ஏறத்தாழ மறைந்து அலகு நுனியை நோக்கி வேகமாகக் குறுகும். போர்கள் ஓய்ந்து, மூங்கில் வாள்களைக் கொண்டு பயிற்சிக்கூடங்களில் பொருதும் பழக்கம் வளர்ந்ததை இதற்குக் காரணமாகச் சொல்வார்கள்.

எஃகை மடித்து மடித்து அடித்ததால் மேற்பரப்பில் மரத்தின் வரிகள்போல் தெரியும் அமைப்புக்கு ஜிஹதா என்று பெயர். கோட்டோ காலத்தின் ஐந்து பெரும் மரபுகளான யமாஷிரோ, யமாட்டோ, பிசென், சோஷு, மினோ ஆகியவற்றை இதைக்கொண்டு பிரிக்கலாம். யமாட்டோவில் நேர்வரிகள் ஓடும். பிசென் வாள்கள் பலவற்றில் தோய்ச்சல் வரிக்கு மேலே நிழல்போன்ற ஓர் ஒளிர்வு காணப்படும். இவற்றை ஒளிப்படத்தில் கற்க முடியாது. சாளரத்தை மூடி, ஒற்றை விளக்கை நோக்கி வாளை நீட்டிச் சாய்த்துப் பார்த்துத்தான் கற்க வேண்டும்.

அந்த அலை அலையான வெள்ளைக் கோடு வரைந்ததா, தானாக வந்ததா?

அதன் பெயர் ஹமோன். அலகின் முதுகில் தடிமனாகவும் விளிம்பில் மெலிதாகவும் களிமண் பூசி, பழுக்கக் காய்ச்சி, நீரில் தோய்ப்பார்கள். மெலிந்த பூச்சுள்ள விளிம்பு சட்டென்று குளிர்ந்து கடினமான மார்ட்டென்சைட்டாகிறது. முதுகு மெல்லக் குளிர்ந்து இளகலாகவே நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் எல்லைதான் அந்தக் கோடு. நம் கொல்லர்கள் "தோய்ச்சல்" என்று சொல்லும் அதே வேலைதான். களிமண்ணைக் கொண்டு எல்லையை வகுப்பதில்தான் ஜப்பானியரின் தனித்தன்மை இருக்கிறது. எல்லையில் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும் பொடிமணிகளை நியே என்றும், மூடுபனிபோல் தெரிவதை நியோய் என்றும் சொல்வார்கள்.

போலிகளில் அமிலத்தால் அரித்தோ கம்பித் தூரிகையால் தேய்த்தோ கோட்டை வரைந்திருப்பார்கள். விளக்கொளியில் சாய்த்தால் அசல் கோட்டுக்குள் மணிகளும் இழைகளும் உயிர்பெறும். வரைந்த கோடு எந்தக் கோணத்திலும் ஒரே வெண்மையாக இருக்கும். கோடு நுனிக்குள்ளும் தொடர்ந்து சென்று முதுகுப் பக்கம் திரும்ப வேண்டும். நுனிக்கு முன்பே நின்றுவிட்டால் உடனே ஐயப்படுங்கள்.

பிடியைக் கழற்றினேன், உள்ளே ஒரே துரு. தேய்த்துச் சுத்தம் செய்துவிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பிடிக்குள் செல்லும் அந்த அடிப்பகுதிக்கு நாகாகோ என்று பெயர். செய்து முடித்த நாளிலிருந்து அதை யாரும் மெருகேற்றுவதில்லை. துரு தானாகப் படிந்து ஆழமாகும். வாளின் வயதுக்கு அந்தத் துருவே சான்று. கோட்டோ வாளின் நாகாகோ கரும்பழுப்பாக, வழவழப்பாக, எண்ணெய் ஊறியதுபோல் இருக்கும். அண்மைக்கால வாளில் அராவிய தடங்கள் தெளிவாகத் தெரியும், துரு சிவந்தோ மெலிந்தோ காணப்படும். கையெழுத்துக் கோடுகளுக்கு உள்ளே இருக்கும் துருவும் வெளியே இருக்கும் துருவும் ஒரே வயதுடையனவா என்பதைப் பார்த்தே பிற்காலத்தில் பொறித்த பெயரைப் பிடிக்கிறார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த அரை மணி நேரத்தில் ஐந்நூறு ஆண்டுச் சான்று போய்விடும். வாளின் விலையும் அதனுடன் போய்விடும். எனக்கு வந்த படங்களில் ஒன்று, ஆயுத பூசைக்காகப் புளி போட்டு விளக்கிப் பளபளப்பாக்கிய நாகாகோவைக் காட்டியது. அதற்கு என்ன பதில் எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன்.

கையெழுத்து இருக்கிறது. அப்படியென்றால் அசல்தானே?

ஜப்பானிய மொழியில் வாளின் கையெழுத்துக்கு "மெய்" என்றும், பொய்க் கையெழுத்துக்குக் "கிமெய்" என்றும் பெயர். தமிழ்க் காதுக்கு இது நல்ல வேடிக்கை. ஏனென்றால் இந்தத் துறையில் மெய் பலவும் மெய்யல்ல. புகழ்பெற்றவர்களின் பெயரைப் பிறர் வாள்களில் பொறிப்பது பல நூற்றாண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. கவசம் செய்பவராக இருந்து 17ஆம் நூற்றாண்டில் எடோவில் (இன்றைய தோக்கியோ) வாள் கொல்லராகிப் பெரும்புகழ் அடைந்த நாகசோனே கொட்டெட்சுவின் பெயரில் போலிகள் பெருகியதால், "கொட்டெட்சுவைக் கண்டால் போலி என்றே எண்ணு" என்னும் வழக்கே ஜப்பானியரிடம் உண்டு. சோஷு மரபின் மிகப் புகழ்பெற்ற கொல்லரான மசமுனேயின் பெயரைக் கண்டாலும் அப்படியே. அவர் கையெழுத்திட்ட ஐயமற்ற வாள்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவை.

பெயர் பொய்யாக இல்லாதபோதும் சிக்கல் உண்டு. ஒரே பெயரைத் தலைமுறை தலைமுறையாகப் பலர் பயன்படுத்தினர். பிசென் நாட்டின் ஒசாஃபுனே ஊரில் "சுகெசதா" என்று கையெழுத்திட்டவர்கள் ஏராளம். 16ஆம் நூற்றாண்டுப் போர்களுக்காக அங்கே மொத்தமாகச் செய்து குவித்த வாள்களிலும் அந்தப் பெயர் உண்டு. யோசோசாயெமோன் போன்ற தனிப்பெயரும் சேர்த்துப் பொறித்த சுகெசதா ஒரு தரம், வெறும் பெயர் மட்டும் பொறித்தது வேறு தரம். ஆண்டு பொறித்த வாள்களில் இரண்டாம் மாதமோ எட்டாம் மாதமோ திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது அவர்களுடைய வழக்கம்.

பொய்க் கையெழுத்து என்று தெரிந்தால் தூக்கி எறிய வேண்டியதுதானா?

இல்லை. நல்ல வாள் ஒன்றின்மேல் பேராசைக்காரர் ஒருவர் பெரிய பெயரைப் பொறித்திருக்கலாம். பெயர் பொய்யானதால் எஃகு கெட்டுவிடாது. ஆனால் மதிப்பீட்டுக் கழகங்கள் பொய்க் கையெழுத்துள்ள வாளுக்குச் சான்று தருவதில்லை. ஆகவே சிலர் அந்தப் பெயரை அகற்றி, கையெழுத்தில்லாத வாளாக மறுபடி மதிப்பீட்டுக்கு அனுப்புகிறார்கள். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. இன்று பொய் என்று தள்ளப்பட்ட பெயர் நாளை வேறொரு குழுவின் பார்வையில் உண்மையானதாகலாம். அராவி எடுத்ததைத் திரும்பப் பொறிக்க முடியாது. இரண்டு தகுதியுள்ள கருத்துகளாவது இல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

என்னுடையதில் கையெழுத்தே இல்லை, ஓட்டை மட்டும் மூன்று இருக்கிறது. யாராவது வெட்டிவிட்டார்களா?

வெட்டியிருக்கத்தான் வேண்டும், ஆனால் வருந்த வேண்டியதில்லை. நீண்ட டாச்சிகளைப் பிற்காலத்தில் கட்டானாவாக அணிவதற்காக அடிப்பக்கத்திலிருந்து குறுக்கினார்கள். அப்போது பிடியைப் பூட்டும் மூங்கில் ஆணிக்குப் புதிய துளை இடவேண்டியிருந்தது. பழைய நாகாகோ முழுவதும் வெட்டப்பட்டால் கையெழுத்தும் போய்விடும். இதை ஓசுரியாகே என்பார்கள். கையெழுத்தைக் காப்பாற்ற விரும்பியவர்கள் அந்தத் துண்டை மடித்தோ வில்லையாக வெட்டிப் பதித்தோ வைத்ததும் உண்டு.

காமகுரா, நன்போகுச்சோ காலத்து வாள்களில் கையெழுத்திழந்தவை மிகப் பல. அவை வடிவத்தையும் எஃகையும் கொண்டே இன்னாருடையவை என்று தீர்மானிக்கப்பட்டு உயர்ந்த சான்றுகளைப் பெற்றிருக்கின்றன. மாறாக, குறுக்கப்படாத முழு நாகாகோவுடன் கையெழுத்தே இல்லாமல் இருக்கும் ஷின்டோ வாளுக்கு அந்தச் சலுகை கிடையாது. பெயர் பொறிப்பது வழக்கமாகிவிட்ட காலத்தில் ஏன் பொறிக்கவில்லை என்ற கேள்வி எழும்.

விற்பவர் "ஜப்பான் அரசாங்கச் சான்றிதழ் இருக்கிறது" என்கிறார். அது போதாதா?

அவர் காட்டுவது தோரோகுஷோ என்னும் பதிவுச் சீட்டாக இருக்கும். ஜப்பானில் 15 செ.மீ.க்கு மேற்பட்ட அலகுள்ள வாளை வைத்திருக்க அது தேவை. மாநிலக் கல்விக் குழு அதை வழங்குகிறது. நீளம், வளைவு, துளைகளின் எண்ணிக்கை, பொறித்திருக்கும் எழுத்துகள் ஆகியவற்றை உள்ளபடியே குறிக்கும் சீட்டு அது. "மசமுனே" என்று பொறித்திருந்தால் சீட்டிலும் "மசமுனே" என்றே இருக்கும். அந்தப் பெயர் உண்மையா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. மேலும், வாள் சட்டப்படி ஜப்பானை விட்டு வெளியேறும்போது அந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே ஜப்பானுக்கு வெளியே இருக்கும் வாளுடன் அசல் பதிவுச் சீட்டும் சேர்ந்து விலைக்கு வந்தால், அது எப்படி வந்தது என்று கேளுங்கள்.

அப்படியானால் எந்தத் தாளை நம்புவது?

இன்று பெரிதும் மதிக்கப்படுவது, 1948இல் நிறுவப்பட்ட நிஹோன் பிஜுட்சு தோகென் ஹோசொன் கியோகாய் என்னும் கலைவாள் பாதுகாப்புக் கழகத்தின் சான்று. அதில் நான்கு படிகள்: ஹோசொன், தோகுபெட்சு ஹோசொன், ஜூயோ, தோகுபெட்சு ஜூயோ. முதல் இரண்டும் அசல் என்பதையும் பாதுகாக்கத் தக்கது என்பதையும் சொல்பவை. மேல் இரண்டும் கடும் போட்டித் தேர்வில் பெறுபவை. 1982க்கு முன் அதே கழகம் கிச்சோ, தோகுபெட்சு கிச்சோ என்ற பெயர்களில் சான்று வழங்கியது. அந்தப் பழைய தாள்களில், குறிப்பாகப் பெரிய பெயர்களுக்கு வழங்கியவற்றில், ஐயத்திற்கு இடமானவை இருப்பதால் புதிய முறையில் மறுபடி தேறியதா என்று பார்த்தே வாங்குகிறார்கள். அந்தப் பழைய தாளை மட்டும் காட்டிப் பெரிய விலை கேட்டால், "இத்தனை ஆண்டுகளாக ஏன் மறுபடி அனுப்பவில்லை?" என்பதே என் முதல் கேள்வி.

பழங்காலத்தில் இந்த வேலையை ஹொனாமி குடும்பத்தினர் தலைமுறைகளாகச் செய்தனர். அவர்கள் மடித்துக் கொடுத்த தாளுக்கு ஓரிகாமி என்று பெயர். "ஓரிகாமி உள்ளது" என்றால் "உறுதியானது" என்று இன்றைய ஜப்பானியப் பேச்சிலும் பொருள். டோக்குகாவா குடும்பத்தின் எட்டாம் ஷோகன் (படைத்தலைமை ஆட்சியாளர்) யோஷிமுனேயின் ஆணைப்படி 1719இல் புகழ்பெற்ற வாள்களின் பட்டியலைத் தொகுத்ததும் அந்தக் குடும்பத்தார்தான். எல்லாத் தாளும் ஒரு கருத்துதான் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். சில நேரம் தாள் அசலாகவும் வாள் வேறாகவும் இருக்கும். தாளில் ஒட்டிய படத்துடன் நாகாகோவைத் துளைக்குத் துளை ஒப்பிடுங்கள்.

சின்னச் சின்னக் குறைகள் இருந்தால் பரவாயில்லையா?

எந்தக் குறை என்பதைப் பொறுத்தது. கூர்விளிம்புக்குக் குறுக்காக ஓடும் மயிரிழை வெடிப்பான ஹகிரே இருந்தால் வாள் செத்ததாகவே கருதுவார்கள். அது ஒளிப்படத்தில் தெரியாது. விளிம்பை ஒளியில் அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும். தீயில் சிக்கித் தோய்ச்சலை இழந்த வாளுக்கு மறுபடி தோய்ச்சல் போட்டிருந்தாலும் மதிப்பு பெரிதும் குறையும். விளிம்பின் தொடக்கத்திலிருந்து சாய்வாக எழும் மங்கிய நிழல் அதற்கு ஓர் அறிகுறி.

எஃகு மடிப்புகளுக்கு இடையே காணும் நெடுக்கு விரிசல், சிறு கொப்புளம் போன்றவை வயதான வாளில் பொறுத்துக்கொள்ளத் தக்கவை. போரில் எதிராளியின் வாள் பட்ட வெட்டுத்தழும்பு முதுகில் இருந்தால் அது குறையே இல்லை. அதைப் பெருமையாகவே காட்டுவார்கள்.

வாள் கருத்துப்போய்க் கிடக்கிறது. உள்ளூரில் சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் பளபளப்பாக்கித் தருவாரே?

தருவார், அத்துடன் வாள் முடிந்துவிடும். ஜப்பானிய மெருகாளர் வரிசையாகப் பல கற்களில், ஒவ்வொரு தளத்தையும் அதன் விளிம்புக்கோடு மழுங்காமல் வாரக்கணக்கில் தேய்க்கிறார். சுழலும் சாணையில் பட்டால் அந்தக் கோடுகள் உருண்டுபோகும். சூடேறினால் தோய்ச்சலும் கெடும். முறையான மெருகும் ஒவ்வொரு தடவையும் சிறிது எஃகைத் தின்கிறது. அடிக்கடி மெருகேற்றிய வாளில் மேல்தோல் தேய்ந்து உள்ளே உள்ள இளகல் எஃகு திட்டுத்திட்டாக வெளிப்படும். அதைக் களைத்த வாள் என்பார்கள். செலவு பெரும்பாலும் நீளத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. எளிய வாளொன்றுக்கு மெருகுச் செலவு அதன் விலையையே மிஞ்சிவிடலாம். தகுதியுள்ளவர் பார்க்கும்வரை கருத்த வாள் கருத்ததாகவே இருக்கட்டும்.

எங்கள் தாத்தா பர்மா போரிலிருந்து கொண்டுவந்த வாள் வீட்டில் இருக்கிறது. அது பழங்கால வாளாக இருக்குமா?

இருக்கலாம். 1945இல் பர்மா, மலாயா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் சரணடைந்த ஜப்பானிய அதிகாரிகள் தம் வாள்களை ஒப்படைக்க வேண்டும் என்று மவுண்ட்பேட்டன் வற்புறுத்தினார். பிரிட்டிஷ் இந்தியப் படையினரின் கைக்கும் அவை வந்தன. அவற்றில் பெரும்பாலானவை அந்தப் போருக்காகச் செய்தவை. உலோகத்தில் வார்த்த பிடியும் அலகில் எண்ணும் இருந்தால் அது படைத்துறைத் துணை அலுவலர்களுக்கான இயந்திர வாள். நாகாகோவில் சிறிய முத்திரை குத்தியிருந்தால் பெரும்பாலும் மரபுமுறையில் செய்யப்படாத ஷோவாட்டோ. முத்திரை விண்மீன் வடிவில் இருந்தால் மட்டும் நின்று பாருங்கள். அது பொதுவாக மரபுமுறையில் செய்த கொல்லரைக் குறிக்கும்.

ஆனால் அதிகாரிகள் பலர் குடும்ப வாளையே படைப் பிடியிலும் உறையிலும் பொருத்திக்கொண்டு போருக்கு வந்தனர். ஆகவே வெளித்தோற்றத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துப் பிடியைக் கழற்றி, நாகாகோவின் இருபக்கத்தையும் படமெடுங்கள் (துருவைப் பற்றி மேலே சொன்னதை மீண்டும் படித்துவிட்டு). பிடியில் மரத்துண்டோ துணிச்சீட்டோ கட்டியிருந்தால் அவிழ்க்காதீர்கள். ஒப்படைத்தவரின் பெயர் அதில் இருக்கலாம். ஷோவாட்டோ வாள்களை மெருகேற்ற ஜப்பானுக்கு அனுப்பவும் கூடாது. அங்கே அவற்றைப் பதிவு செய்ய முடியாது என்பதால் திரும்ப வராது.

வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது?

அலகை விரலால் தொடாதீர்கள். வியர்வையின் உப்பு சில நாள்களில் துருவாகும். மென்துணியால் பழைய எண்ணெயைத் துடைத்து, மிக மெல்லிய படலமாகப் புதிய எண்ணெய் பூசினால் போதும். கிராம்பு மணமுள்ள சோஜி எண்ணெய் என்று விற்பதைப் பயன்படுத்துங்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம். அவை காலப்போக்கில் பிசுபிசுப்பாக உறையும். நம் கடலோர ஊர்களில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. அலங்கார உறையில் நீண்ட நாள் வைக்காமல், ஷிராசாயா என்னும் பூச்சற்ற மர உறையில் வைப்பார்கள். வாளைப் படுக்கை நிலையில், கூர்விளிம்பு மேலே இருக்குமாறு வையுங்கள்.

ஜப்பானில் வாங்கி ஊருக்குக் கொண்டுவர முடியுமா?

முடியும். பண்பாட்டு அலுவல்கள் முகமையின் ஏற்றுமதிச் சான்று பெற வேண்டும். தேசியச் செல்வம், முக்கியப் பண்பாட்டுச் சொத்து என்று அறிவிக்கப்பட்டவை வெளியேற முடியாது. அனுபவமுள்ள விற்பனையாளர்கள் இதைத் தாமே செய்து தருவார்கள். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வாள்களையும் தொடுவதால், பணம் கட்டுமுன் சுங்கத்துறையிலும் மாவட்ட நிருவாகத்திலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே நூறாண்டு கடந்த பொருளாக இருந்தால், பிறகு வெளிநாட்டுக்கு விற்க நினைக்கும்போது 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும். பிரிட்டனில் இருப்பவர்களுக்கு: 2008இல் வளைந்த வாள்களுக்கு வந்த தடையிலிருந்து 1954க்கு முன் செய்தவையும் மரபுமுறையில் கையால் செய்தவையும் விலக்குப் பெற்றுள்ளன.

சரி, உண்மையிலேயே என்ன விலை வரும்?

கொல்லரின் தரம், காலம், நாகாகோவின் நிலை, அலகின் உடல்நலம், சான்றின் படி ஆகிய எல்லாம் சேர்ந்து விலையாகின்றன. ஒன்று பழுதானாலும் மற்றவை இறங்கும். மேல் எல்லைக்கு ஓர் எடுத்துக்காட்டு: தேசியச் செல்வமான யமடோரிகே என்னும் பிசென் வாளை ஒகயாமா மாநிலத்தின் செட்டோவுச்சி நகரம் 2020இல் 50 கோடி யென்னுக்கு வாங்கியது, பணத்தைப் பொதுமக்களிடம் திரட்டினார்கள். கீழ் எல்லையில், களைத்துப்போன பெயரற்ற வாகிசாஷிகள் ஒரு நல்ல கைப்பேசியின் விலைக்கே கிடைக்கும்.

டோக்குகாவா குடும்பத்திடம் இருந்த, மசமுனே செய்த ஹோன்ஜோ மசமுனே என்னும் வாள் கிடைத்தால் என்ன விலை என்றும் சிலர் கேட்கிறார்கள். போர் முடிந்தபின் தோக்கியோவின் மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்ட அந்த வாள் அதன்பின் காணப்படவில்லை. அதை வைத்திருப்பதாகச் சொல்லி எனக்கு இதுவரை இரண்டு பேர் படம் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டிலும் ஹமோன் கம்பித் தூரிகை வேலை.

முதல் வாளாக எதை வாங்கலாம்?

முதல் ஆண்டு எதையும் வாங்காதீர்கள் என்பேன். யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு வணிகர் பெரிய பெயர் சொல்லி விற்ற என் முதல் வாகிசாஷி, பெயரும் பொய்யாய், நுனிக்கு அருகே ஹகிரேயும் உள்ளதாய், இன்றும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. வாங்கியே தீர்வதென்றால், ஹோசொன் சான்றுள்ள, நல்ல மெருகில் இருக்கும், கையெழுத்திட்ட ஷின்டோ வாகிசாஷி பொருத்தமானது. அதே தரக் கட்டானாவைவிட அது மலிவு. ஜிஹதாவையும் ஹமோனையும் கற்க அதுவே போதும். தோக்கியோ செல்ல வாய்ப்பிருந்தால் ரியோகோகுவில் உள்ள, மேலே சொன்ன கலைவாள் பாதுகாப்புக் கழகத்தின் வாள் அருங்காட்சியகத்திலும், டோஜிகிரி, மிகாசுகி போன்ற டாச்சிகளை வைத்திருக்கும் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்திலும் தலா அரை நாள் செலவிடுங்கள். கண்ணாடிப் பேழைக்கு முன்னால் நின்று பார்த்தால் ஹமோன் தெரியாது. முழங்கால் மடித்துக் கீழிருந்து, விளக்கு அலகில் பிரதிபலிக்கும் கோணத்தைத் தேடிப் பாருங்கள். பக்கத்தில் அப்படியே குனிந்து நிற்பவர் யாராவது இருந்தால், தயங்காமல் அவரிடம் பேச்சுக் கொடுங்கள்.